வெறும் சீமெந்தை வாரிக்கொண்டிருந்தவள்

வெயில் காலச் செய்திமடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். தொப்பி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நிழலில் இருங்கள் என்பதெல்லாம் உங்கள் சுவரொட்டியில் மூன்று மொழியிலும் இருக்கிறது. அதையே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. நலன்புரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்து யோசித்துப் பார்க்கும்போதும் பாதிதான் விளங்குகிறது. விளங்கிய பாதியை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பதவியின் பெயர் நலன்புரி அலுவலர். தொழிலாளர்கள் என்னை அறிந்தது செய்தி வாசிக்கிற மிஸ் என்றுதான். பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கியில் ஊர்ச் செய்தி வாசிப்பேன். யாருக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது, யாருடைய வாப்பா ஆஸ்பத்திரியில், யாருடைய வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோனது, எல்லாம் அதில் வரும். முடிவில் வெயில் எச்சரிக்கை. ஊர்ச் செய்திக்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். "இன்று வெப்பம் கூடுதலாக இருக்கும்" என்று தொடங்கினால் எழும்பி உடுப்பில் ஒட்டிய தூளைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் தொழிலே வெயில்தான். தேங்காய் மட்டையிலிருந்து தும்பை எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, கிளறிக் காயவைத்து, கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். மழை பெய்தால் மெனேஜரின் முகம் இருளும், வெயில் எரித்தால் மலரும். அப்படிப்பட்ட இடத்தில் வெயிலைப் பற்றிப் பயம் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்கள் இப்போது அறிந்திருப்பீர்கள்.

அந்த வருடம் நோன்பு மாதம் கொடிய வெயிலில் வந்தது. கடலோரக் களப்புப் பக்கமிருந்து வருகிற காற்றும் நின்றுபோயிருந்தது. நோன்பு பிடிக்கிற பெண்கள் விடிய வேளையில் களத்து வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏற முன்னர் பொதி கட்டும் ஷெட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். மற்றவர்கள் களத்தில் தூளைக் கிளறுவார்கள். அதில் ஒருவருக்கும் மனக்குறை இருக்கவில்லை. உடப்புக் கடற்கரை ஊரிலிருந்து வருகிற, நோன்பில்லாத பெண்கள்தான் முதலில், "அதுகள் உள்ளுக்க இருக்கட்டும் மிஸ், நாங்க பாக்கிறம்" என்றார்கள். அவர்களில் ஒருத்தி செல்வராணி. கணவர் கடலுக்குப் போகிறவர். நாற்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காதவள். அவளுடைய கூட்டாளி கனமூலை ஊர்ப் பெண் பர்சானா, வாய் ஓயாதவள். இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே வரிசையில் நின்று வாரியவர்கள். நோன்பு மாதத்தில் மட்டும் ஒருத்தி ஷெட்டிலும் ஒருத்தி களத்திலுமாகப் பிரிந்திருந்தார்கள்.

நான் சொல்லப்போகும் நாளன்று மாலை, எல்லோருக்குமாக இப்தார் வைத்திருந்தோம். நானும் நோன்பு. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, "இன்று மாலை நோன்பு திறக்கும் நிகழ்வுக்கு எல்லாச் சகோதரர்களும்..." என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு கூக்குரல் கேட்டது.

ஓடிப் போனேன். பர்சானா நிலத்தில் கிடந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நோன்புதான் காரணம் என்று நினைத்து அவளருகில் குந்தினேன்.

"பர்சானா, நோன்ப விடு. அல்லாஹ் மன்னிப்பான். தண்ணி குடி."

"எனக்குத் தாகமில்ல மிஸ். நெஞ்சு அடைக்கிது. கையப் பாருங்க, விரல் மடங்கிட்டு."

பார்த்தேன். விரல்கள் கொக்கி போல வளைந்திருந்தன. நான் அவற்றை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் இன்னொருத்தி விழுந்தாள். பிறகு தையல் இயந்திரத்தடியில் ஒருத்தி. வாசலில் இரண்டு பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. கொஞ்ச நேரத்துக்குள் பத்துப் பேர் அளவில் நிலத்தில். ஒரே அழுகை. ஒரே மாதிரி மூச்சு. ஒரே மாதிரி மடங்கிய விரல்.

"காஸ்!" என்று யாரோ கத்தினார்கள். "ஜெனரேட்டர்ப் பக்கம் மணக்குது!"

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். அவர் சொல்ல முன்னர், நாளும் வருகிற ஈரத் தும்பு மணம்தான் வந்தது. சொன்ன பிறகு எனக்கும் ஏதோ மணத்தது. இது உண்மையாக மணக்கிறதா, சொல் கேட்டு மணக்கிறதா? என் தலையும் சுற்றியது. அது காஸினாலா, நோன்பினாலா, இவர்களைப் பார்த்ததனாலா? ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் என்று சொல்லலாமென்றால் இவர்கள் நிழலில் இருந்தவர்கள். நோன்பு என்று சொல்லலாமென்றால் விழுந்தவர்களில் இரண்டு பேர் நோன்பில்லாதவர்கள். சாப்பாடு என்றால், மிச்சப் பேர் சாப்பிடவே இல்லை.

மெனேஜர் ஓடிவந்தார். சிலாபத்துக்காரர், எங்களோடு தமிழிலேயே கதைப்பார்.

"மிஸ், இது என்ன? காஸா? தண்ணில ஏதாவதா?"

"தெரியா சேர்."

"தெரியாது எண்டு நான் மேல சொல்ல ஏலுமா? ஏதாவது சொல்லுங்க."

"முதல்ல எல்லாரையும் வெளியில எடுப்போம். அம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. என்னண்டு புறவு பாப்போம்."

அது ஒன்றுதான் அந்த நேரம் எனக்குத் தோன்றியது. காஸ் இருந்தால் வெளியே போவது நல்லது. இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. ஒலிபெருக்கியில் எல்லோரையும் பக்கத்துத் தென்னந்தோப்பு நிழலுக்கு வரச் சொன்னேன். விழுந்தவர்களை மற்றவர்கள் தாங்கிக் கொண்டுபோனார்கள். களத்தில் நின்றவர்களும் தூள் கிளறுகிற இரும்பு வாரியைப் போட்டுவிட்டு வந்தார்கள். வேன் சாரதி நிஸார் நானா, வேனைத் தோப்பு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஏற்றக்கூடியவர்களை ஏற்றத் தொடங்கினார்.

தோப்பில் ஒவ்வொருவராகப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி அடங்கினால் மற்றவள் தொடங்கினாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று, பல்லைக் கூசவைக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். களத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் ஒருத்தி மட்டும் இன்னும் வாரிக்கொண்டிருந்தாள். செல்வராணி.

கையைத் தட்டிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"விடுங்க மிஸ்," என்றார் மெனேஜர். "அவ ஒராள்தான் பயப்படாம வேல செய்றா. நீங்க இஞ்ச இவங்களப் பாருங்க."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இங்கே பத்துப் பேர் அழுகிறார்கள். அங்கே ஒருத்தி நிமிர்ந்து நின்று வேலை செய்கிறாள். ஆனால் அந்தச் சத்தம் சரியில்லை. தூளை வாரினால் மெத்தென்றுதான் கேட்கும். இது இரும்பு சீமெந்தில் உரசுகிற சத்தம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவள் காலடியில் தூளே இல்லை. தூளெல்லாம் எப்போதோ ஒரு பக்கம் குவிந்துவிட்டது. அவள் ஒரே இடத்தில் நின்று, வெறும் சீமெந்தை வாரிக்கொண்டிருந்தாள்.

அழுகிறவர்களை விட்டு எழும்பினேன். நிஸார் நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மிஸ், எங்க போறீங்க? வேன் ஸ்டாட்லதான் ஈக்கிது. இவங்களோட ஒராள் வரணுமே!"

"அழுகிறவங்களுக்கு மூச்சு ஈக்கிது நானா. கொஞ்சம் பொறுங்க."

இப்படிச் சொன்னது தெளிவோடு சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். களத்தில் கால் வைத்ததும் சூடு செருப்புக்குள்ளால் ஏறியது. பாதி வழியில், நான் பிழையான பக்கம் ஓடுகிறேனோ என்றுகூட நினைத்தேன்.

கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல இருந்தது உடம்பு. முகம் கன்றிச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தாள்; ஆனால் பார்த்தது என்னை அல்ல.

"பஸ் வந்திட்டா மாமி?"

என்னை அவள் மிஸ் என்றல்லாமல் வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

"செல்வராணி, நான் மிஸ். வா, நிழலுக்குப் போவம்."

"எனக்கு ஒண்டுமில்ல மாமி. இந்த வரிசைய முடிச்சிட்டு வாறன். பஸ்ஸ நிக்கச் சொல்லுங்க."

வாரியைப் பிடித்தேன். அவள் விடவில்லை. என்னைத் தள்ளினாள், நல்ல பலத்தோடு. இரண்டாம் தடவை தள்ள வந்தவள் முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள். தூளை மூடுகிற ஒரு தறப்பாளில் வைத்துத் தூக்கி ஷெட்டின் வெளிப்பக்க நிழலுக்குக் கொண்டுவந்தோம். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார் மெனேஜர். அதற்கெல்லாம் நிற்க முடியாது என்றார் நிஸார் நானா.

"வேன்ல போடுங்க மிஸ். நான் பறந்து போவன். இஞ்ச வெச்சி மவுத்தாகினா யாரு பொறுப்பு?"

"தண்ணி ஊத்துவோம். சூடு எறங்கட்டும்."

"ஐயோ, வேணாம்!" என்றாள் ஒருத்தி. "இவ்வளவு சூட்டுல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி கண்டிரும்."

வெயில் உடம்பில் ஏறியவரை முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பயிற்சியில் கேட்டிருந்தேன். கதிரையில் இருந்து கேட்கும்போது அது எவ்வளவு இலேசாக இருந்தது! முன்னால் ஒரு பெண் கண் சொருகிக் கிடக்கும்போது, தயாராக நிற்கிற வேனைப் போகவிடாமல் வைப்பது அப்படி இலேசான காரியமில்லை. நிஸார் நானா சொல்வது சரியோ? அந்தப் பெண் சொல்கிற ஜன்னி உண்மையோ? நான் செய்வதில் இவள் போய்விட்டால் உடப்புக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பேன்? இவ்வளவும் மனதில் ஓடியது. ஆனால் கை அவளுடைய கழுத்தில் இருந்தது. அந்தச் சூடு குறையாமல் வேனுக்குள் அடைத்துக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

"ஊத்துங்க," என்றேன்.

ஒருவர் தூள் நனைக்கிற ஹோஸ் பைப்பை இழுத்து வந்தார். நல்ல வேளை, நான் முதலில் என் கையில் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்த பைப்பு. கொதிக்கிற தண்ணீர் வந்தது. இதை நீங்கள் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பிலுள்ள சுடுநீர் போகும் வரை வெளியே ஓடவிட்டு, பிறகு ஊற்றினோம். ஆண்கள் பார்க்காமல் இருக்கப் பெண்கள் வேறு தறப்பாள்களை நான்கு பக்கமும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து விசிறினோம்.

அப்போது மறைப்பை விலக்கிக்கொண்டு பர்சானா வந்தாள். நிலத்தில் கிடந்த அதே பர்சானா. யார் தூக்கிவிட்டார்களோ தெரியாது. கையில் ஐஸ் உருகாமல் வைக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டி. சர்பத்தைக் குளிரவைக்க மீன்வாடியிலிருந்து வந்த ஐஸ்.

"நோன்பு தொறக்க வெச்சது மிஸ். எடுங்க, எல்லாத்தயும் எடுங்க."

தலையில் கிடந்த சால்வையைக் கழற்றி, அதில் ஐஸைக் கட்டி, செல்வராணியின் கமக்கட்டுக்குள் அவளே வைத்தாள். மற்றப் பெண்களும் சால்வைகளைக் கழற்றினார்கள். கழுத்தில், தொடை இடுக்கில், எங்கெல்லாம் வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைத்தோம். பர்சானா விடாமல் அவளோடு கதைத்துக்கொண்டே இருந்தாள். "ராணி, பஸ் வரல்ல. பஸ் வர நேரம் ஈக்கிது. கண்ணத் தொற."

எவ்வளவு நேரம் போனதோ எனக்குத் தெரியாது. செல்வராணியின் உதடு நடுங்கியது. பிறகு, "குளிருது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மறைப்பைப் பிடித்திருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். கொஞ்சத்தில் அம்புலன்ஸும் வந்துவிட்டது. ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வேனுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிக் களத்தோரம் நிற்கிறார்கள். விரல்கள் நிமிர்ந்திருந்தன. ஒருவருக்கும் மூச்சு அடைக்கவில்லை.

அவர்கள் நடித்தார்கள் என்று பிறகு சிலர் பகிடி செய்தார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த விரல்களை நான் நிமிர்த்த முயன்றவள். அது நடிப்பில் வருகிற மடிப்பில்லை. காற்றைப் பரிசோதித்தார்கள், தண்ணீரைப் பரிசோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஊருக்குள் ஆளுக்கொரு கதை. காஸ் என்றார்கள், கண்ணூறு என்றார்கள், ஜின் என்றும் சொன்னார்கள். ஒருத்தி பயந்ததில் மற்றவர்களும் பயந்தார்கள் என்றார் ஒரு டொக்டர். இருக்கலாம். முதலாமவள் ஏன் பயந்தாள் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. பர்சானாவைக் கேட்டேன். "களத்தப் பாத்துக்கிட்டு நின்ட மிஸ். என்னமோ சரியில்லாத மாதிரி ஈந்திச்சி. புறவு நெஞ்சு அடச்ச" என்றாள். அவள் களத்தில் என்ன பார்த்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அதற்கு மேல் நானும் தோண்டவில்லை.

அன்று மாலை இப்தார் நடந்தது. வைப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றபோது, உடப்புப் பெண்கள் பஸ்ஸில் ஏறாமல் வந்து பாய் விரித்தார்கள். ஐஸ் இல்லாத சர்பத் சுடச்சுட இருந்தது. எல்லோரும் அதையே குடித்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வராணி தெளிந்திருந்தாள். உடனே குளிரவைத்தது நல்லதாகப் போனது, ஆனாலும் சிறுநீரகத்தைக் கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும் என்றார்கள். களத்தில் வாரியதோ, என்னைத் தள்ளியதோ, ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டேன். கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய கணவர், "சொல்லன்" என்றார்.

"எப்பிடி மிஸ் குடிக்கிறது? தண்ணித் தாங்கி ஷெட்டுக்கு நேர முன்னால இருக்கு. அதுகள் எச்சிலும் விழுங்காம இருந்து வேல செய்யேக்க, நான் போய்க் கோப்பையத் தூக்கிக் குடிக்கிறதா? பர்சானா பாத்துக்கொண்டு இருப்பாள். எனக்கு மனம் வரேல்ல."

குடிக்க வேண்டாமென்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. விசாரித்தபோது, களத்தில் நின்ற இன்னும் பல பேர் அப்படியேதான் இருந்திருக்கிறார்கள். நோன்பாளிகளுக்கு நிழல் ஒழுங்கு செய்தோம். நோன்பில்லாதவர்கள் வெயிலில் நின்றுகொண்டு, வெட்கத்தில் நோன்பிருந்தார்கள். இதை எந்தச் சுவரொட்டியில் எழுதுவீர்கள்?

தாங்கியை ஷெட்டுக்குப் பின்னால் மாற்றினோம். உச்சி வேளையில் களத்தில் ஒருவருமே நிற்கக்கூடாது என்று மெனேஜரோடு வாதாடி வென்றேன். அவர் விருப்பமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் பிறகு மாற்றவில்லை. இவை செய்யக்கூடிய காரியங்கள். பர்சானா வந்து கேட்ட கேள்விதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"என்ட நோன்பாலயா மிஸ் அவளுக்கு இப்பிடி ஆன?"

"உன்ட நோன்பால இல்ல. அவட நல்ல மனசால," என்றேன். சொன்ன பிறகு, அது அவளுக்கு ஆறுதலா பாரமா என்று குழம்பினேன். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நெருக்கடி வரும்போது காரணம் உடனே கிடைக்காது. எல்லோரும் உங்களிடம் காரணத்தைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, யாருக்கு ஆபத்து என்று மட்டும் தேடுங்கள். கூப்பிடுகிறவரைப் பாருங்கள், கூப்பிடாதவரைத் தேடிப் போங்கள். வெயில் தலைக்கேறியவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், உறுதியாகச் சொல்வார். நீங்கள் செய்வது சரியென்று அந்த நேரம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

நோன்பு முடிகிற நாட்களில் செல்வராணி கணவரோடு எங்களைப் பார்க்க வந்தாள். மெலிந்திருந்தாள். வேலைக்கு வர இன்னும் காலம் இருந்தது. ஷெட்டுக்குள் கதிரை போட்டு இருத்தினோம், பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். பர்சானா மட்டும் கிட்ட வரவில்லை. வெளியே போனவள் ஒரு பெரிய கோப்பையில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்தாள்.

"குடி."

"நோம்பு திறக்கட்டும். புறவு குடிக்கிறன்."

"இப்ப குடி."

செல்வராணி கோப்பையை வாங்கி, நோன்பாளிகளுக்கு முதுகு காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பர்சானா அவளுடைய தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னயப் பாத்துக் குடி ராணி."

செல்வராணி குடித்தாள். அவளுடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பர்சானா, காய்ந்த உதட்டோடு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பை காலியானதும் அதை வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை நிறைக்கப் போனாள்.